ஊசிமுனையும் உளிமுனையும்

மாமல்லபுரம் செல்வோர் கல்லைக் காண்கிறார்கள். களிறு கல்லில்! கன்று கல்லில்! பால் கறக்கும் ஆயனும் தலைச்சுமையோடு வரும் ஆய்மகளும் கல்லில்! பல்லவப் பேரரசின் புகழைப் பாறை பேசுகிறது, பக்கத்திலே கடல் கேட்டுக்கொண்டிருக்கிறது. வழிகாட்டிகள் அடுக்கிச் சொல்லும் பெயர்களோ மன்னர் பெயர்கள். மகேந்திரன் செய்தான், மாமல்லன் செய்தான், இராசசிம்மன் செய்தான் என்கிறார்கள். செய்தானா? உளி பிடித்து அவன் உள்ளங்கை காய்த்ததா? கல்தூசியை அவன் நெஞ்சு சுமந்ததா?

விடை வேண்டுவோர் சற்றுத் தொலைவிலுள்ள பூஞ்சேரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பாறையில், மெய்க்கீர்த்தி ஏதுமின்றி, வெறும் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சிலர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர்கள் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. அரண்மனைப் புலவன் பாடாவிட்டால் என்ன, எங்கள் பெயரை நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று எண்ணினார்கள் போலும்!

உளிமுனைக்கு அந்தப் பேறு கிடைத்தது. ஊசிமுனைக்கு?

கல் நிற்கும், துணி மக்கும். ஆகவே கல்லுக்கு வரலாறு எழுதினோம், துணிக்கு எழுதவில்லை. எழுத நினைத்தால், இந்தச் செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரையில் தொடங்கிக் கடல் கடந்து போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே மேற்கொள்கிறோம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சில கல் தொலைவில் சதுரங்கப்பட்டினம். இன்று அதை அடுத்திருப்பது கல்பாக்கம் அணுமின் நிலையம். அன்று அங்கிருந்தது டச்சுக்காரரின் செங்கற் கோட்டை. சத்ராஸ் என்று அவர்கள் நாக்கு அவ்வூரைச் சுருக்கியது. எதற்காகக் கோட்டை? மணலுக்கா, மீனுக்கா? துணிக்கு! மெல்லிய மல்துணிக்கும் வண்ணம் தீட்டிய சீட்டித்துணிக்கும் அவ்வூர் ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்தது. வடக்கே பழவேற்காட்டிலும் அவர்கள் கோட்டை கட்டியது துணிக்காகவே. ஆங்கிலேயர் 1639இல் சென்னைப்பட்டினத்து மணல்மேட்டைக் கேட்டு வாங்கியதற்கும், அங்கே துணி மலிவு என்பது முதன்மையான காரணம். 1734இல் நெசவாளரைக் குடியேற்ற ஒரு பேட்டை கண்டார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. கப்பலேறும் துணியை வெளுத்தவர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. தெருப்பெயரில் மட்டும் தங்கிவிட்டார்கள் அந்தத் தொழிலாளர்கள்!

அந்தச் சீட்டித்துணியின் சிறப்பு என்ன? வெளுத்தாலும் போகாத நிறம். அந்நாளில் ஐரோப்பியருக்குப் பருத்தியிலே சாயத்தை நிலைநிறுத்தத் தெரியாது. நம் கடற்கரை மணலிலே வளரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர்தான் சாயவேர். துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பு ஊறிய நீரால் கறுப்புக்கோடு வரைவார்கள். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டிச் சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் செக்கச் சிவக்கும், மற்ற இடத்தில் படிந்த கறை வெயிலிலே வெளுத்துவிடும். நீலம் வேண்டுமானால் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். ஒரு துணி முடியப் பல வாரங்கள் ஆகும். வேதியியல் நூலை ஒருவரும் எழுதித் தரவில்லை. கண் பார்த்தது, கை கற்றது, கருத்து கணித்தது. இது அறிவியல் அல்லவென்றால் வேறெது அறிவியல்?

ஆனால் தோழர்களே, இந்த அறிவு எங்கே இருந்தது? ஏட்டில் இல்லை, பள்ளியில் இல்லை, ஒரு குலத்தின் சில குடும்பங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. தகப்பன் மகனுக்குச் சொல்வான், அடுத்த தெருக்காரனுக்குச் சொல்லான். எழுதத் தெரிந்தவன் சாயத்தொட்டியைத் தொடமாட்டான், தொட்டியில் கைவைத்தவனுக்கோ எழுத்து மறுக்கப்பட்டது. கடைசியில் எழுதிக்கொண்டவர் யார்? புதுச்சேரியிலிருந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார்! தம்மிடம் புதிதாக மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, 1742இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அது அச்சேறியது. 1760இல் ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். நூற்றாண்டுகளாக நாம் பூட்டி வைத்த கதவை ஒரு கடிதம் திறந்துவிட்டது. பாதிரியாரைக் குறைகூற நமக்கு மனமில்லை. எழுதியது குற்றமா, எழுதாமல் இருந்தது குற்றமா?

இனிக் கடலைத் தாண்டுவோம். சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித்துணி ஐரோப்பாவில் கட்டில் விரிப்பாயிற்று, திரையாயிற்று, பெண்களின் பாவாடையாயிற்று. பட்டும் கம்பளியும் நெய்தோர் பதறினர். பிரான்சு 1686இல் தடை போட்டு 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1701 முதல் வண்ணத்துணி இறக்குமதியைத் தடுத்தது. அதற்கும் அடங்காமற் போகவே 1721இல் உடுத்துவதையே தடுக்கும் சட்டம் பிறந்தது. அதற்கு முன் 1719இல் இலண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தியத் துணி உடுத்திய பெண்களை மறித்து உடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள். வயிறு காய்ந்தவனின் சினம் பெண்ணின் மேல் பாய்வது எல்லா நாட்டிலும் இருக்கிறது!

கிடைக்காத பொருளுக்கு மதிப்பு மிகுதியன்றோ? கிழிந்த சீட்டித்துணியின் துண்டும் துணுக்கும் பேணப்பட்டன. துண்டோடு துண்டை இணைத்து, உள்ளே ஓர் அடுக்கு வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டிப் போர்வையாக்கினார்கள். இங்கிலாந்தின் வடமேற்கில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில், 1708 அளவில் தைத்ததாகச் சொல்லப்படும் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே என்பர். அதன் துண்டுகள் யாவும் இந்தியச் சீட்டித்துணி. பின்னாளில், சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத்துணி மேல் ஒட்டித் தைக்கும் முறை பரவி அமெரிக்கா வரை சென்றது. அதற்குப் பிரெஞ்சு மொழியில் வைத்த பெயரின் பொருள் 'பாரசீகப் பூத்தையல்'. துணி நம் பக்கத்தது, பெயர் பாரசீகத்துக்கு! பெயர் இழப்பதில் நமக்குள்ள பயிற்சி பெரிது.

அமெரிக்கா என்றதும் ஒரு கசப்பான கணக்கைச் சொல்லியாக வேண்டும். நம் கரையில் நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து மனிதரை வாங்கினார்கள் வெள்ளை வணிகர்கள். நெய்தவன் அறியான், தோய்த்தவன் அறியான், ஆனால் துணி நம்முடையது. அப்படி வாங்கப்பட்டோரின் வழிவந்தோர் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி பறித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மான்செஸ்டர் ஆலைகள் விழுங்கிய பஞ்சில் பெரும்பகுதி அந்தப் பஞ்சு. அது ஆலைத்துணியாகத் திரும்பி வந்து நம் தறியை நிறுத்தியது. 1869 முதல் செயற்கைச் சிவப்புச் சாயம் சந்தைக்கு வர, சாயவேரும் மதிப்பிழந்தது. பூட்டிய அறிவு பூட்டியவாறே மடிந்தது. நெசவாளனின் தறியில் மாட்டிய கயிற்றின் மறுமுனை, நீக்ரோ அடிமையென்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மனிதனின் கழுத்தில் இருந்தது. இரண்டையும் ஒருங்கே பார்க்காத வரலாறு அரை வரலாறு.

அந்த அடிமைகளின் பேத்திகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பழைய பருத்திப் பண்ணை, பட்டினிப் பூமி. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தேய்ந்த காற்சட்டையையும் கிழிந்த சட்டையையும் வெட்டிப் போர்வை தைத்து வந்தார்கள். கடைத்துணி வாங்கக் காசில்லை, குளிரோ கொடிது. 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தம் கணவரின் உழைப்புடைகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். முழங்கால் தேய்ந்த இடம், வெயிலில் வெளுத்த இடம், எல்லாம் அதில் தெரிகின்றன.

1960களில் அம்மக்கள் வாக்குரிமை கேட்டார்கள். ஆற்றைக் கடந்து எதிர்க்கரை நகருக்குப் போனால்தான் பெயர் பதிய முடியும். 1962இல் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள் ஆதிக்கக்காரர்கள்! அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல்தான். 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்தார். பெயர் பதிந்தவர்கள் வேலை இழந்தார்கள், வீடிழந்தார்கள். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் கூடி 'விடுதலைப் போர்வைத் தையல் கூட்டுறவு' கண்டார்கள். போர்வைகள் நியூயார்க்கில் விலைபோயின. வந்த பணத்தில் கூட்டுறவு நிலம் வாங்கி, விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு மனை கொடுத்தது. 2002இல் அந்தக் கந்தைகள் பெரிய கலைக்கூடங்களின் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் ஏறின.

நம் வீட்டிலும் கந்தை உண்டு. மூன்று பழம்புடவையை அடுக்கி நூலோட்டி, பிள்ளை பெற்றவளுக்கு விரிக்காத பாட்டி இந்தச் சீமையில் யார்? ஆனால் அதை நாம் வேலை என்றும் சொல்வதில்லை, கலை என்றும் சொல்வதில்லை. தமிழில் தையல் என்றால் துணி தைப்பது, தையல் என்றால் பெண். ஒரே சொல்! அந்தச் சொல்லையே வைத்து, பெண் பேச்சைக் கேளாதே என்று குழந்தைகளுக்கு நீதி புகட்டிய பெருமையும் நமக்குண்டு. ஊசியைப் பெண்ணிடம் தள்ளினோம், தறியை ஒரு குலத்திடம் தள்ளினோம், வெளுப்பை இன்னொரு குலத்திடம் தள்ளினோம். உடுத்துவதை மட்டும் எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

நம் பள்ளியில் வாரம் ஒரு நாள் மாலையில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுத்தரலாம் என்று சென்ற ஆண்டு எண்ணினோம். முதல் எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இயக்கத்தில் ஊறிய முதிய தோழர் ஒருவர், "குலக்கல்வியை விரட்டிய நாட்டில் நீ பிள்ளைகள் கையில் ஊசி கொடுக்கிறாயா, தம்பி?" என்று சினந்தார். அவர் சினம் நியாயமானது. 1953இல் இராசாசி ஆட்சி கொண்டுவந்த திட்டம் நமக்கு மறக்கக்கூடியதா? நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளியில் 3 மணி நேரம் பாடம், மீதிப் பொழுது தகப்பன் தொழில்! வண்ணான் மகன் துறைக்கு, குயவன் மகன் சக்கரத்துக்கு, பெண்பிள்ளை அடுப்படிக்கு. தமிழகமே கொதித்தது. காமராசர் முதலமைச்சராகி 1954இல் அதைக் கைவிட்டார்.

எனினும் அந்தத் தோழருக்கு நாம் அளித்த விடையில் இன்றும் நிற்கிறோம். திட்டத்தின் நஞ்சு கைத்தொழிலில் இல்லை, 'தகப்பன் தொழில்' என்பதில் இருந்தது. கையால் செய்வது இழிவு என்று கருதி நாம் எதிர்க்கவில்லை. அப்படிக் கருதுவது எதிரியின் கொள்கை. சாயக்காரன் மகன்தான் சாயம் கற்கவேண்டும் என்பதும், மற்றவன் மகன் அதைத் தொடக்கூடாது என்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கம். எல்லாச் சாதிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், பாட நேரம் குறையாமல், ஒரே பாயில் அமர்ந்து ஊசி பிடித்தால் அங்கே குலம் எங்கே? தோழர் உடனே ஒப்பவில்லை. பாட நேரம் ஒரு மணித்துளியும் குறையக்கூடாது என்று வாக்குறுதி பெற்றுக்கொண்டுதான் போனார். கேட்டது முறையே!

அடுத்த எதிர்ப்பு மாணவர்களிடமிருந்து. மூன்று பையன்கள் எழுந்து, "நாங்க என்ன பொண்ணுங்களா, சார்?" என்றார்கள். வாதாடவில்லை நாம். கடற்கரைக்கு நடத்திச் சென்றோம். அங்கே படகின் நிழலில் அவர்களின் தந்தையரும் சிற்றப்பன்மாரும் ஊசியும் நைலான் நூலுமாக வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். காலின் பெருவிரலில் வலையை மாட்டி, கண்ணிக்குக் கண்ணி அளவு பிசகாமல்! பையன்களில் ஒருவன் மண்ணைப் பார்த்தான். மற்ற இருவர் சிரித்துவிட்டார்கள்.

கற்பிக்க நமக்கே தெரியாதே! ஒரு மாணவியின் ஆயாவைத்தான் அழைத்து வந்தோம். "வாத்தியாரே, மொதல்ல நீங்க ஊசில நூல் கோருங்க பாக்கலாம்" என்றார் அவர். நான்காம் முறையில் கோத்தோம். வகுப்பு கைதட்டியது.

செய்முறை எளிது, விரும்பும் தோழர்கள் வீட்டிலே செய்து பார்க்கலாம். பழைய பருத்தித்துணியே ஏற்றது. பட்டும் பாலியெஸ்டரும் வழுக்கும். முதலில் துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் ஒன்றின் சிவப்பு மற்றொன்றில் ஏறிப் போர்வை அழும். பழைய நோட்டு அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் வெட்டி, அதை வைத்துத் துணியைக் கத்தரிக்க வேண்டும். ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்குப் போக ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 8, நீளத்தில் 10, ஆக 80 துண்டுகள். 4 அடி அகலமும் 5 அடி நீளமும் உள்ள போர்வை கிடைக்கும். துண்டுகளை வரிசை வரிசையாக இணைத்துப் பிறகு வரிசைகளை இணைப்பது நலம். நடுவிலே ஒரு பழைய படுக்கை விரிப்பு, அடியிலே பழம்புடவை. புடவை அகலம் போதாவிட்டால் ஓரத்தில் ஒட்டுக் கொடுக்கலாம். மூன்றையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய தையலால் பிணைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். நாம் அந்தத் தவற்றைச் செய்து ஒரு மாலை முழுதும் பிரித்தோம். பிறகு நான்கு விரற்கடைக்கு ஒரு வரியாகச் சிறிய ஓட்டுத்தையல். கடைசியில் அடித்துணியின் விளிம்பை மேலே மடித்துத் தைத்தால் முடிந்தது. தையற்கடைக்காரர் துண்டுத்துணியை இலவசமாகவே தந்தார். நூலுக்கும் ஊசிக்கும் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதன்று. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைக்கிராமம் கண்டபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியத்துக்குச் சோறு தேடினார்கள். 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்திராவில் பார்க்க வருவோரும் கைத்தொழிலைத் தொட்டுப் பழகலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மாமல்லபுரத்து மணலை வாரிச் சென்று, புதைந்திருந்த சில சிற்பங்களைக் காட்டியது. கல் வெளிப்பட்டதை உலகம் பேசியது. அதே கரையில் தெற்கே, ஆரோவில்லை அடுத்த மீனவ ஊர்களில், எல்லாம் இழந்த பெண்கள் துணுக்குத் துணியால் விரலளவுப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். உபாசனா என்ற உடை வடிவமைப்பு நிலையம் தொடங்கிய அம்முயற்சியில் பிறந்த 'சுனாமிகா' பொம்மைகள், விலைக்கன்றி அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குப் போயின. ஊசி பிடித்த கை நடுங்குவது மெல்லக் குறைந்தது.

நம் வகுப்பில், வலை பின்னுவதைக் கண்டு மண்ணைப் பார்த்தானே அந்தப் பையன், அவன் தந்தை இரண்டாண்டுகளுக்கு முன் கடலில் இறந்தவர். ஒருநாள் அவன் நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இத வெட்டலாமா, சார்?" என்றான். அப்பாவுடையது. இறந்தவர் துணியை வீட்டில் வைத்தால் தீட்டு என்று உறவினர் சொல்ல, தாயார் மட்டும் எறிய மனமின்றிப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாராம். பிறர் துணியோடு சேர்த்தால் மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று நாம் தயங்கியது உண்மை. பகுத்தறிவு பேசும் நாக்கு அன்று சற்றே தடுமாறிற்று. ஆயாதான் லுங்கியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல துணி. இன்னும் பத்து வருசம் ஒழைக்கும்" என்று சொல்லிக் கத்தரியை அவன் கையில் கொடுத்தார்.

பதினாறு துண்டுகள் தேறின. ஒரு தாய் மட்டும் தன் பெண்ணை இரண்டு வாரம் அனுப்பவில்லை, மூன்றாம் வாரம் அனுப்பினார். போர்வையின் கீழ்விளிம்பில் தைத்தவர் பெயரையெல்லாம் பூஞ்சேரிப் பாறையைப் போலவே நூலில் எழுதியிருக்கிறார்கள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயரை அவருடைய பேத்தி தைத்தாள். இரண்டாவது போர்வை இப்போது வெட்டும் கட்டத்தில் இருக்கிறது. நீலம் போதவில்லை.